ஆய்வாளர் கொண்டுவரும் கண்

சேலையூர் கேம்ப் ரோட்டில், டாக்டர் லோகநாயகியின் சர்க்கரை நோய் கிளினிக்கில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபத்தெட்டுக்குக் கன்னியம்மாவின் இடது கண் பரிசோதிக்கப்பட்டது. பதினொன்றரைக்கு அரசாணை அமலுக்கு வந்தது. வலது கண் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டது.

கன்னியம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. தெருத்தெருவாகப் போய்க் குப்பை வாங்கும் பேட்டரி வண்டியை ஓட்டுகிறவர். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரை வாங்க வந்தவரை, "ஒரு நிமிஷம் கண்ணையும் பாத்துரலாம் கா" என்று கூப்பிட்டு உட்கார வைத்தவள் ஜீவிதா. அகரம்தென்னிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து, அந்தக் கிளினிக்கில் கண் படம் எடுக்கும் வேலையைப் பார்ப்பவள்.

படம் எடுப்பது கேமரா. எடுத்த படத்தைப் படித்துச் சொல்வது, அதோடு இணைத்த மடிக்கணினியில் இருந்த 'விழி' என்ற மென்பொருள். ஒன்பது வினாடியில் மூன்றில் ஒன்றைச் சொல்லும்: நலம், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும், உடனே கண் மருத்துவரிடம் செல்லவும். டாக்டர் லோகநாயகி கண் மருத்துவர் அல்ல. சர்க்கரை கண்ணுக்குள் செய்கிற வேலை, அது முடியும்வரை வெளியே தெரியாது. கண் நன்றாகத் தெரிகிற ஒருவரைக் கண் டாக்டரிடம் போகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது முப்பது வருட அனுபவத்தில் அவருக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கருவியை வாங்கிப் போட்டிருந்தார்.

இடது கண்ணுக்கு 'நலம்' என்று வந்தது. வலது கண்ணைப் படம் எடுத்து, திரையில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றார்.

அவர் பெயர் ஜெயவேலு. மருத்துவச் செயற்கை நுண்ணறிவு உரிமம் மற்றும் கண்காணிப்பு ஆணையத்தின் தென்புறநகர் மண்டல ஆய்வாளர். வயது ஐம்பத்துநான்கு. போன மாதம்வரை கடைத் தராசுகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தவர். ஆணையம் தொடங்கியபோது, கருவிகள் குறித்து அனுபவம் உள்ளவர்கள் தேவை என்று கேட்டு வாங்கியிருந்தார்கள்.

கைக்கடிகாரத்தை மூக்கு வரை கொண்டுபோய்ப் பார்த்தார். "பதினொன்னு முப்பத்தொன்னு. ஆணை வந்து ஒரு நிமிஷம் ஆச்சு."

"சார், ஒன்பது செகண்ட்தான் சார். ரிசல்ட் வந்துரும்" என்றாள் ஜீவிதா.

"அந்த ஒன்பது செகண்ட்ல அது யோசிக்குமா, யோசிக்காதா?"

"யோசிக்கும் சார்."

"அதைத்தான் தடை பண்ணியிருக்கு."

மடிக்கணினியை மூடினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி ஒட்டினார். 'உரிமம் பெறும்வரை இக்கருவி சிந்திப்பது தடை செய்யப்பட்டுள்ளது' என்று அதில் அச்சடித்திருந்தது. அரக்கு உருக்குவதற்குத் தீப்பெட்டி கேட்டார்.

கன்னியம்மா இன்னும் கேமராவின் தாங்கியில் தாடையை வைத்து, நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, முடிஞ்சிதா?"

"ஒரு கண்ணு முடிஞ்சிது கா. நல்லா இருக்கு. இன்னொன்னுதான்..."

கன்னியம்மா திரும்பி ஜெயவேலுவைப் பார்த்தார். "ஏன் சார், இந்தக் கண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு?"

ஜெயவேலு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் கெட்டவர் அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. "இடது கண் ஆணைக்கு முன்னாடி பாத்தது. அது செல்லும். வலது கண் நிலுவை."

"நிலுவைன்னா?"

"பயப்படாதீங்கம்மா. ரத்து பண்ணல. நிலுவைதான்."

டாக்டர் லோகநாயகி அடையாறில் கண் மருத்துவராக இருந்த தன் தோழிக்கு ஒரு கடிதம் எழுதிக் கன்னியம்மாவிடம் கொடுத்தார். "இந்த வாரமே போயிடும்மா. காசெல்லாம் வேண்டாம், நான் சொல்லிட்டேன்."

"எனக்கு நல்லா தெரியுதும்மா. அதோ அந்தாண்ட போற பஸ்ஸு நம்பர் சொல்லட்டா? ஒரு நாளு லீவு போட்டேன்னு வையி, காண்ட்ராக்டரு வண்டிய வேற ஒருத்திக்குத் தூக்கிக் குடுத்துடுவான்." சொல்லிக்கொண்டே கடிதத்தை நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்தார்.

ஜீவிதாவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. எப்போதும் வலது கண்ணைத்தான் முதலில் எடுப்பாள். அன்றைக்குக் கன்னியம்மா தானாகவே இடது கண்ணைக் கொண்டுவந்து வைத்தார். இருக்கட்டும், எதுவாக இருந்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

---

ஆணையத்தின் மண்டல அலுவலகம் மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு தண்ணீர் லாரி நின்றது. லாரி நகர்ந்த பிறகுதான் பெயர்ப்பலகையே தெரிந்தது. அது கதவைவிட அகலமாக இருந்தது.

படிவம் பதினெட்டுப் பக்கம். மருத்துவர்களைப் பதிவு செய்யும் படிவத்தை எடுத்து, 'மருத்துவர்' என்று வந்த இடத்தில் எல்லாம் 'விண்ணப்பதாரர்' என்று மாற்றியிருந்தார்கள். மற்றதை மாற்ற நேரம் இருந்திருக்காது.

"சார், இதுல தகப்பனார் பேருன்னு இருக்கு. இது சாஃப்ட்வேர் சார். அப்பா கிடையாது" என்றாள் ஜீவிதா.

"அப்பா இல்லாதவங்க எத்தனையோ பேர் இருக்காங்கம்மா" என்றார் எழுத்தர். "'லேட்'டுன்னு போட்டு இறப்புச் சான்றிதழ் வைங்க."

"இறக்கல சார். இருந்ததே இல்ல."

எழுத்தர் யோசித்தார். ஓர் அனாதைக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது. "அப்ப கார்டியன் பேர் போடுங்க."

இப்படித்தான் டாக்டர் லோகநாயகி பாதுகாவலர் ஆனார். விண்ணப்பதாரரின் பெயர் லோ. விழி ஆயிற்று. அங்க அடையாளங்கள் இரண்டு கேட்டிருந்தார்கள். 'மூடியில் ஒரு கீறல், இடது ஓரத்தில் கத்தரிப்பூ நிற ஸ்டிக்கர்' என்று எழுதினாள். இரண்டு காதுகளும் தெரிகிற புகைப்படம் கேட்டார்கள். இரண்டு பக்கத்து ஸ்பீக்கரும் தெரிகிற மாதிரி எடுத்துக் கொடுத்தாள். ஏற்றுக்கொண்டார்கள்.

உடல் தகுதிச் சான்றிதழில்தான் சிக்கல் வந்தது. டாக்டர் லோகநாயகி நேர்மையாக, 'பரிசோதித்தேன். நாடித்துடிப்பு இல்லை. மற்றபடி குறையொன்றும் காணப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார். பத்து நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. நாடித்துடிப்பு இல்லாதவர்களுக்கு உரிமம் வழங்க விதிகளில் இடமில்லை என்று குறிப்பு.

"நாடி நார்மல்னு போட்டுருங்களேன் மேடம். எல்லாரும் அப்படித்தான் போடறாங்களாம்" என்றாள் ஜீவிதா.

"பொய் எழுத மாட்டேன் ஜீவிதா." டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்து முடித்து, இன்னொருவரைப் பார்த்து முடித்து, பேனாவை எடுத்தார். 'நாடித்துடிப்பில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை' என்று எழுதினார்.

மறுநாளே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 'மிக நன்று' என்று யாரோ பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்கள்.

நடுவில் ஜீவிதா மூன்று முறை கன்னியம்மாவுக்கு போன் செய்தாள். "போறேம்மா. இந்த வாரம் டபுள் டூட்டி. அடுத்த வாரம் கண்டிப்பா போயிக்கிறேன்." ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம்.

---

நேர்காணல் நடந்தது நாலாவது வாரம். கிளினிக்கைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் போனார்கள். ஜீவிதா மடிக்கணினியைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

"லோ. விழி! லோ. விழி வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்" என்று எழுந்தாள்.

உள்ளே நீளமான மேசை. நடுவில் இணை இயக்குநர் ஸ்ரீநிவாசராகவன். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். அவர்கள் கடைசிவரை பேசவில்லை. அவருக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி.

"விண்ணப்பதாரர் மட்டும் உக்காரலாம்" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

ஜீவிதா மடிக்கணினியை நாற்காலியில் வைத்தாள். அவளும் டாக்டரும் சுவர் ஓரமாக நின்றார்கள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் அவர், மடிக்கணினியைப் பார்த்து.

கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

"சார், சீல் வச்சிருக்கு. தொறந்தாத்தான்..." என்று ஆரம்பித்தாள் ஜீவிதா.

"நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாதும்மா. சீலைப் பிரிக்கணும்னா உரிமம் வேணும். உரிமத்துக்குத்தான் இந்த நேர்காணல்." மறுபடியும் மடிக்கணினி பக்கம் திரும்பினார். "சரி. இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு மதிப்பெண் தாளில் எழுதினார். நேரம் தவறாமை, ஐந்துக்கு ஐந்து. தோற்றம், ஐந்துக்கு ஐந்து; பை சுத்தமாக இருந்தது. பணிவு, ஐந்துக்கு ஐந்து. பதில்கள், இருபதுக்குப் பூஜ்யம்.

டாக்டர் லோகநாயகி ஒரு கோப்போடு முன்னால் வந்தார். "சார், ஒரு அஞ்சு நிமிஷம். பதினாலு மாசத்துல இது ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினாறு கண்ணு பாத்திருக்கு. சந்தேகம் வந்தவங்களையும், நலம்னு சொன்னவங்கள்ல பத்துக்கு ஒருத்தரையும் கண் டாக்டர்கிட்ட அனுப்பிச் சரிபாத்தேன். ஒன்பது தடவை நோய் இருக்கறதைக் கோட்டை விட்டிருக்கு. நூத்தி முப்பத்தொரு தடவை சும்மா பயமுறுத்தியிருக்கு. கண்புரை இருக்கறவங்க படத்துல தடுமாறுது. இது எல்லாம் இதுல இருக்கு. நீங்க இதைத்தான் கேக்கணும். கேட்டு, இந்த மாதிரி ஆட்களுக்குப் பயன்படுத்தாதேன்னு எனக்கு உத்தரவு போடணும். அதுக்கு நான் கட்டுப்படறேன்."

ஸ்ரீநிவாசராகவன் கோப்பைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், பெரியவங்க நீங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன். விண்ணப்பதாரர் தன் தப்பைத் தானே ஒத்துக்கிட்டா அவருக்குத்தான் பாதகம். எடுத்துட்டுப் போயிடுங்க. நாங்க பாக்கல."

"நீங்க பாக்கணும்னுதானே சார் கொண்டுவந்தேன்?"

"ஒட்டறதுக்குப் படிவத்துல இடம் இல்லையே மேடம்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நாங்க தொழில்நுட்பத்துக்கு விரோதிங்க கிடையாது. என்கிட்டயே ரெண்டு போன் இருக்கு. ஆனா ஒரு மிஷின் தப்புப் பண்ணா யார் பொறுப்பு? மனுஷன் தப்புப் பண்ணா யாரும் பொறுப்பு இல்லை, அது நமக்குத் தெரியும். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. கமிட்டி இருக்கு. இதை நான் சஸ்பெண்ட் பண்ண முடியுமா? ராமநாதபுரத்துக்கு டிரான்ஸ்ஃபர் பண்ண முடியுமா? ஒரு மெமோ குடுத்தா ராத்திரி தூங்காம கெடக்குமா? மேடம், பயப்படாத ஒண்ணை எப்படி நம்பறது?"

இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். விண்ணப்பம் களச் சோதனைக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தேதி பின்னர் அறிவிக்கப்படும்.

---

ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, கன்னியம்மா தன் வண்டியை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மின்மாற்றியைச் சுற்றிப் போட்டிருந்த கம்பி வேலியில் கொண்டுபோய் மோதினார். வண்டி மெதுவாகத்தான் போனது. யாருக்கும் அடியில்லை. வேலி வலது பக்கம் இருந்தது. அப்படி ஒரு வேலி அங்கே இருப்பதே தனக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னார். பத்து வருடமாக அதே தெருவில் வண்டி ஓட்டுகிறவர்.

மதியம் கிளினிக் வாசலில் வந்து நின்றார். "ஜீவிதாம்மா, கண்ணுல கறுப்பா நூலு மாறி ஓடிகினே கீது. தொடச்சாலும் போவல."

அவரை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்துத் தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், ரயிலேற்றி, நகரத்து அரசு கண் மருத்துவமனைக்கு ஜீவிதாவே அழைத்துப் போனாள். அங்கே இளம் மருத்துவர் ஒருவர் வெகுநேரம் பார்த்தார். உள்ளே ரத்தம் கசிந்திருப்பதாகச் சொன்னார். ஊசி போட வேண்டும், பிறகு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம், எவ்வளவு பார்வை திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா லேசர்லயே நின்னிருக்கும்" என்றார் அவர். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. தினமும் சொல்கிற வாக்கியம் அது.

திரும்பி வரும்போது ரயிலில் கன்னியம்மா ஜன்னல் ஓரமாக, கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தார். "நீ இன்னாத்துக்கு அழுவுற? நீதான் அத்தினி தபா போன் பண்ணியே. நான்தான் போவல" என்றார்.

"அன்னைக்கு வலது கண்ணை மொதல்ல எடுத்திருக்கணும் கா."

"எடுத்திருந்தா இடது கண்ணு நிலுவையில நின்னுருக்கும். எப்பிடியும் ஒண்ணை நிறுத்தணும்னு வந்தவன்தானே அந்தாளு."

வண்டியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கன்னியம்மாவுக்குத் துடைப்பம் கொடுத்தார்கள்.

---

பத்தாவது வாரம் களச் சோதனைக்கு ஜெயவேலு வந்தார். ஜீவிதா அவருக்கு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவள் அவ்வளவு மரியாதையாக இருந்து டாக்டர் லோகநாயகி பார்த்ததில்லை.

அவர் முதலில் மடிக்கணினியைத் தூக்கி, அடியில் எடை முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். பழக்க தோஷம். பிறகு அரக்கை உடைத்து, தாளைக் கிழித்து, மூடியைத் திறந்தார். ஜீவிதா மின்சாரம் கொடுத்தாள்.

திரை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சின்ன வட்டம் சுற்றியது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் வந்தன.

"என்ன போட்டிருக்கு? சின்னதா இருக்கே" என்றார் ஜெயவேலு.

ஜீவிதா படித்தாள். "கன்னியம்மா. வலது கண். உடனே கண் மருத்துவரிடம் செல்லவும்."

"யாரு இது?"

"நிலுவைன்னு சொன்னீங்களே சார். அவங்க."

ஜெயவேலு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவங்க இப்ப..."

"வலது கண்ணுல ரத்தம் கசிஞ்சு, வண்டிய வேலியில மோதிட்டாங்க சார். வேலை போச்சு. தெருப் பெருக்கறாங்க."

அவர் தனக்குத் தெரிந்த ஒரே பற்றுக்கோலான விதிப் புத்தகத்தைத் திறந்தார். ஜீவிதாவிடம் நீட்டினார். "இந்தப் பதினாலாவது விதியை வாசிம்மா. எனக்கு இந்த எழுத்து சரியா புடிபடல."

"'ஆய்வாளர் கொண்டுவரும் கண்ணைக் கொண்டு கருவி சோதிக்கப்பட வேண்டும். அந்நிலையத்தின் ஊழியர் கண்ணோ, ஏற்கெனவே அங்கு சிகிச்சை பெறும் பயனாளியின் கண்ணோ ஆகாது.'"

"ஆய்வாளர் கொண்டுவரும் கண்" என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "நான் வேற கண் எதுவும் கொண்டுவரலையே. என் கண்ணுதான் என்கூட வந்திருக்கு."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தாடையை வைத்து உட்கார்ந்தார். ஜீவிதா வலது கண்ணை முதலில் எடுத்தாள். ஒன்பது வினாடி. இடது கண். ஒன்பது வினாடி.

இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. இந்த முறை ஜீவிதா வாய்விட்டுப் படிக்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் எழுந்து வந்து படத்தைப் பெரிதாக்கினார்.

"சுகர் எத்தனை வருஷமா இருக்கு சார்?"

"ஒரு பதினோரு வருஷமா... மாத்திரை போடறேன். மறந்து மறந்து போடறேன். ஏன் மேடம்?"

"இதோ பாருங்க, செவப்பு செவப்பா புள்ளி. இங்க புதுசா ரத்தக் குழாய் மொளைச்சிருக்கற மாதிரி இருக்கு. ரெண்டு கண்ணுலயும். உடனே போகணும்னு சொல்லுது."

ஜெயவேலு கண்ணாடியைத் தேடினார். அது அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜீவிதா எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டதைப் பார்த்தாள். பத்து வாரமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் பாதி எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"மேடம்" என்றார் அவர். "இது தப்பா சொல்ல வாய்ப்பு இருக்கா? எத்தனை தடவை தப்பாச் சொல்லும்?"

ஆணையம் தொடங்கப்பட்ட நாளிலிருந்து அதன் பணியாளர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டது அதுவே முதல் முறை.

டாக்டர் லோகநாயகி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்ல கேள்வி சார். 'உடனே'ன்னு நூறு பேருக்குச் சொன்னா, அதுல பதினோரு பேருக்கு அங்க போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது."

"நான் அந்தப் பதினொண்ணுல ஒருத்தனா இருக்கலாமே?"

"இருக்கலாம். அப்படி இருந்தா எனக்குச் சந்தோஷம். ஆனா நாளைக்கே போகணும்."

அவர் போனார். அந்தப் பதினோரு பேரில் அவர் இல்லை.

இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தார்கள். மிச்சம் இருந்த பார்வை நின்றது, போனது திரும்பவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் இருந்தபடியே, மகளை எழுதச் சொல்லி அறிக்கை அனுப்பினார். 'கருவி என் கண்ணைச் சரியாகக் கணித்தது. மருத்துவமனைச் சான்று இணைப்பில். எப்போது தவறுகிறது என்ற விவரமும் இந்நிலையத்தில் முறையாக உள்ளது. அதை நாம் வாங்கிப் பார்க்க வேண்டும். உரிமம் வழங்கலாம்.'

மூன்று வாரத்தில் ஸ்ரீநிவாசராகவன் கையெழுத்திட்ட ஆணை வந்தது. கிளினிக்குக்கு ஒரு நகல்.

'கருவியின் கணிப்பால் ஆய்வாளர் கண்பார்வை காப்பாற்றப்பட்டுள்ளதால், ஆய்வாளர் கருவிக்கு நன்றிக்கடன்பட்டவர் ஆகிறார். எனவே அவரது சொந்தக் கண் ஏற்கத்தக்கதல்ல. வேறு கண்களைக் கொண்டுவந்து சோதனை தொடரப்பட வேண்டும். மேலும், இனி ஆய்வாளர்களாக நியமிக்கப்படுவோர் கண் நோய் அற்றவர்கள் என்று உரிமம் பெற்ற கருவியிடமிருந்து சான்று பெற வேண்டும். உரிமம் பெற்ற கருவி எதுவும் தற்போது இல்லாத நிலையில், இப்போதைய ஆய்வாளரே பணியைத் தொடர்வார். சோதனை முடிந்து ஆய்வாளர் கையெழுத்திடும் வரை கருவி திறந்த நிலையில் இருக்கலாம்.'

டாக்டர் அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். "முடிஞ்சுது போ" என்றார்.

மறுநாள் மதியம் ஜெயவேலு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். படியில் கால் வைக்கும் முன் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், பச்சைச் சட்டை போட்ட தூய்மைப் பணியாளர்கள் பதினோரு பேர் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கன்னியம்மா.

"சார், இவங்கல்லாம்?" என்றாள் ஜீவிதா.

"வேறு கண்களைக் கொண்டுவரணும்னு ஆணை இருக்கும்மா. கொண்டுவந்திருக்கேன்." நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "எத்தனை கண்ணுன்னு ஆணைல போடல. நான் ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்."

"இவங்க யாரும் இங்க வைத்தியம் பாக்கறவங்க இல்லையே?" என்று டாக்டர் உள்ளிருந்து கேட்டார்.

"இல்ல மேடம். கன்னியம்மா எல்லாரையும் விசாரிச்சுத்தான் கூட்டிட்டு வந்தாங்க."

இவரை எப்படிப் பிடித்தீர்கள் என்று ஜீவிதா கன்னியம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "நான் எங்க புடிச்சேன்? அவரே வூடு தேடி வந்தாரு. வாசல்ல நின்னுகினு, 'உன் கண்ணு என்னாலதான்'ன்னாரு. நான் நல்லா திட்டிட்டேன். நின்னு கேட்டுகினாரு. அப்பால, வேற கண்ணு வேணும்மான்னாரு. சரி வாய்யான்னு கூட்டியாந்தேன்."

பதினோரு பேரில் இரண்டு பேருக்கு 'உடனே' என்று வந்தது. அவர்களில் ஒருத்திக்கு முப்பத்தொரு வயது. தனக்குச் சர்க்கரை இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. லீவு கிடைக்காதே என்று இழுத்தாள். ஜெயவேலு தன் அலுவலகத் தாளில், 'ஆணையத்தின் சோதனைக்கு இவர் கண் தேவைப்படுகிறது' என்று ஒப்பந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுத வைத்து, முத்திரை குத்தினார். முத்திரையைப் பார்த்து அந்தாள் வாயைத் திறக்கவில்லையாம்.

அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் சோதனை நடந்தது. ஜெயவேலு ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து கண்கள் கொண்டுவந்தார். தண்ணீர் லாரி டிரைவர்களைக் கொண்டுவந்தார். தராசுக் காலத்துப் பழக்கத்தில் சேலையூர்க் கடைக்காரர்கள் அத்தனை பேரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்புரை இருந்த வயதானவர்களை டாக்டர் சொன்னபடி கருவியிடம் காட்டாமல் நேராகக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். கருவி தவறிய இடங்களை டாக்டர் எழுதி வைத்தார். அதைப் பார்த்து ஒவ்வொரு வாரமும் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். அது கண்காணிப்பு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆணையத்தின் முதலாம் ஆண்டு விழா வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஸ்ரீநிவாசராகவன் பேசினார். "நம் மண்டலத்தில் ஒரே ஒரு கருவியை ஆயிரத்துத் தொள்ளாயிரம் கண்களைக் கொண்டு சோதித்திருக்கிறோம். இவ்வளவு கண்டிப்பு வேறெங்கும் கிடையாது. பெருமையோடு சொல்கிறேன், நாம் உரிமம் வழங்கிய கருவிகளில் ஒன்றுகூட இதுவரை தவறு செய்ததில்லை." கை தட்டல் அடங்க நேரமாயிற்று. உரிமம் வழங்கிய கருவிகள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஜெயவேலுவுக்கு ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. சோதனை எப்போது முடியும் என்று கேட்டிருந்தார்கள்.

அது ஒரு புதன்கிழமை. வெளியே பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மா அவர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். வலது கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியிருந்தது. ஈரக் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

"பதில் எழுதணும்மா ஜீவிதா" என்றார் ஜெயவேலு. "நீயே எழுதிடு. நான் சொல்றேன்."

அவள் தாளை எடுத்தாள்.

"'பொருள்: லோ. விழி, களச் சோதனை. சோதனை நடைபெற்று வருகிறது. சேலையூர், கிழக்குத் தாம்பரம், மாடம்பாக்கம் முடிந்தன.'" கொஞ்சம் யோசித்தார். "'பல்லாவரம் பாக்கி.'"

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதான். முடிஞ்சா அப்புறம் குரோம்பேட்டை இருக்கு."

தாளை அவர் முன்னால் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தாள். அவர் குனிந்தார். தாளுக்கு மேலே பேனா இங்கும் அங்கும் அலைந்தது. லேசர் மிச்சம் வைத்த பார்வையில் கையெழுத்துக்கான கோடு அவருக்குப் பிடிபடவில்லை.

ஜீவிதா அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அந்தக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தாள்.

"இங்க சார்."